பாராளுமன்றம் எதையும் செய்யலாமா?



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சார், பழைய நினைவுகள் ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் கடைசி பெஞ்ச் கலாட்டாக்களைப் பற்றியும் எழுத இந்த மலரில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நான் 1966 முதல் 1969 வரை இங்கே பி.ஏ. வரலாறு படித்தவன். பிறகு சட்டம் படித்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மாவட்ட நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு மாட்டியவன். ஆகவே வரலாறும் சட்டமும் கலந்த ஒரு விஷயத்தை எழுதலாம் என்று தோன்றியது.

கேள்வி ரொம்பச் சின்னது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிற பாராளுமன்றம், தான் நினைத்த எந்தச் சட்டத்தையும் போட்டுவிடலாமா? முடியாது என்றால், தடுப்பது யார்? எந்த உரிமையில் தடுக்கிறார்கள்?

"இது டில்லி சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடிய வழக்குகளில் முக்கியமான சில, பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவை. அது மட்டுமல்ல, என்னைப் போலக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலருக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது, 1951-இல் இந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு விடையால்தான்.

லண்டனும் டில்லியும்

வெள்ளைக்காரன் விட்டுப்போன பாராளுமன்ற முறையைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பாதி உண்மை. பிரிட்டனில் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் எழுதப்பட்ட ஒற்றை அரசியல் சட்டம் கிடையாது. அங்கே பாராளுமன்றம் ஒரு சட்டத்தை முறைப்படி நிறைவேற்றிவிட்டால், "இது செல்லாது" என்று தள்ளும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை.

நம் ஊர் ஏற்பாடு வேறு. 1950 ஜனவரி 26-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 245-ஆவது பிரிவு, பாராளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே, "இந்த அரசியலமைப்புக்கு உட்பட்டு" என்கிற நிபந்தனையோடுதான் கொடுக்கிறது. பாராளுமன்றம் அரசியல் சட்டத்தின் பிள்ளை, தாயார் அல்ல.

அந்த நிபந்தனைக்குள் முக்கியமான இரண்டு வேலிகள் உண்டு. முதலாவது, பட்டியல் வேலி. ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று. நிலம், போலீஸ் போன்றவை மாநிலத்துக்கு. பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை மத்திய அரசுக்கு. சாதாரண காலத்தில் அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டக்கூடாது. இரண்டாவது, அடிப்படை உரிமை வேலி. அந்த உரிமைகளைப் பறிக்கும் அல்லது குறைக்கும் எந்தச் சட்டமும், அந்த அளவுக்குச் செல்லாது என்று 13-ஆவது பிரிவு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது.

ஆனால் 368-ஆவது பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. அரசியல் சட்டத்தையே திருத்தும் வழி அதில் உள்ளது. ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அப்படியானால், வேலியைத் தாண்டக்கூடாது, ஆனால் வேலியையே பிடுங்கி நடலாம் என்று ஆகிறதா? கிட்டத்தட்ட அறுபது ஆண்டுச் சண்டை இந்த இடத்தில்தான்.

சிறையிலிருந்து வந்த மனு

குடியரசாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1950 பிப்ரவரி கடைசியில் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமலே ஒருவரை உள்ளே வைக்கலாம். அதில் 14-ஆவது பிரிவு ஒரு படி மேலே போனது. எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் குற்றம்!

சென்னை அரசின் காவலில் இருந்தார் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். அன்றைய சென்னை மாகாணத்து மலபாரைச் சேர்ந்தவர். அவர் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சென்னையின் பெரிய வக்கீல்களில் ஒருவரான எம்.கே. நம்பியார். 1950 மே 19-இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டத்தின் மற்ற பகுதிகளைப் பெரும்பான்மையினர் ஏற்றார்கள். ஆனால் அந்த 14-ஆவது பிரிவு செல்லாது என்பதில் ஆறு பேரும் ஒரே குரல்.

இந்தத் தீர்ப்பால் கோபாலன் வெளியே வரவில்லை. ஆனாலும், பாராளுமன்றம் போட்ட சட்டத்தில் ஒரு பிரிவை, சிறைக்குள் இருந்த ஒரு மனிதரின் மனுவின்பேரில் நீதிமன்றம் வெட்டி எறிந்தது. "அட, இந்த வேலி நிஜமான வேலிதான்" என்று நாட்டுக்குத் தெரிந்தது.

பதினான்கு இடங்களின் கணக்கு

அடுத்த வழக்கு நம் வீட்டு வாசலிலேயே. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்துக் கொடுத்துவந்தார்கள். ஒவ்வொரு 14 இடத்துக்கும் கணக்கு: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

இது தன் உரிமையைப் பறிக்கிறது என்று செண்பகம் துரைராஜன் என்ற அம்மையார் வழக்குப் போட்டார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் வழக்கு நின்றது. பொறியியல் இடம் கேட்டு சீனிவாசன் என்ற மாணவரும் போட்டார். 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லாது என்றன. தமிழகம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார்.

பாராளுமன்றம் என்ன செய்தது? இரண்டே மாதத்தில், 1951 ஜூன் 18-ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்துவிட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) சேர்க்கப்பட்டது. பொதுத் தேர்தலே இன்னும் நடக்காத காலம். அரசியல் நிர்ணய சபையே தற்காலிகப் பாராளுமன்றமாக உட்கார்ந்து செய்த வேலை இது.

இங்கே என் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். அந்த 15(4) இல்லாவிட்டால் எனக்குச் சட்டப் படிப்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே, "அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்தையும் தொடாதே" என்று யாராவது சொன்னால், என்னால் தலையாட்ட முடியாது.

ஆனால் அதே முதல் திருத்தத்தை இன்னும் இரண்டு வரி தள்ளிப் படியுங்கள். பேச்சுரிமை மேல் புதிய கட்டுப்பாடுகளும் அதில்தான் வந்தன. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு போட்ட தடையை 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதற்குப் பதிலாகத்தான் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைப் பேச்சுரிமைப் பிரிவுக்குள் நுழைத்தார்கள். ஒரு கை எனக்குக் கல்லூரி இடம் கொடுத்தது. இன்னொரு கை என் வாயில் கொஞ்சம் பூட்டுப் போட்டது. இரண்டும் ஒரே திருத்தம். நான் சொல்ல வந்த விஷயத்தின் கருவே இதுதான்.

ஒன்பதாவது அட்டவணை என்னும் இரும்புப் பெட்டி

முதல் திருத்தத்தின் இன்னொரு பிள்ளை ஒன்பதாவது அட்டவணை. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை ஜமீன்தார்கள் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை பாட்னா உயர் நீதிமன்றம் 1951 மார்ச்சில் செல்லாது என்று தள்ளிவிட்டது. இப்படியே போனால் உழுபவனுக்கு நிலம் எப்போது போய்ச் சேருவது? ஆகவே ஒரு பட்டியல் போட்டார்கள். இதில் ஏறிய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரண் என்று எந்த நீதிமன்றமும் தள்ளக்கூடாது. முதலில் ஏறியவை 13 சட்டங்கள். அவற்றில் 1948-ஆம் வருடத்துச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் உண்டு.

இந்தத் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில், 1951 அக்டோபரில் ஐந்து நீதிபதிகளின் சார்பாகத் தீர்ப்பு எழுதியவர் நம் சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி. 13-ஆவது பிரிவு சொல்லும் 'சட்டம்' என்பது சாதாரணச் சட்டம். அரசியல் சட்டத் திருத்தம் அதில் சேராது என்றார். அதாவது, வேலியைப் பிடுங்கி நடலாம்.

பெட்டி நிரம்பத் தொடங்கியது. 1961-ஆம் வருடத்துச் சென்னை நில உச்சவரம்புச் சட்டத்தை 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருடம் 17-ஆவது திருத்தம் வந்து, அதையும் சேர்த்து 44 சட்டங்களைப் பெட்டிக்குள் போட்டது. மொத்தம் 64. அந்தத் திருத்தமும் கோர்ட்டுக்குப் போனது, பாராளுமன்றமே ஜெயித்தது. ஆனால் இதயதுல்லா, முதோல்கர் என்ற இரண்டு நீதிபதிகள் மட்டும் சந்தேகம் எழுப்பினார்கள். அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றுவது திருத்தம் ஆகுமா, அல்லது புதிதாகவே எழுதுவது ஆகுமா என்று முதோல்கர் கேட்டுவைத்தார். சின்ன விதைதான்.

ஒரு ஜெர்மானியர் கேட்ட கேள்வி

அந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஜெர்மனியிலிருந்து வந்தார். 1965 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டீட்ரிஷ் கொன்ராட் என்ற அறிஞர் ஓர் உரை நிகழ்த்தினார். திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லை உண்டா என்பதுதான் பொருள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருக்கிறது என்பதற்காக, ஆளுங்கட்சி அரசியல் சட்டத்தையே தூக்கிவிட்டு ஒரு மொகலாயச் சக்கரவர்த்தியைக் கொண்டுவந்து உட்காரவைக்க முடியுமா என்று அவர் கேட்டார்.

வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் ஜெர்மானியருக்கு இது வேடிக்கை இல்லை. 1933 மார்ச்சில் ஹிட்லர், கம்யூனிஸ்ட் உறுப்பினர்களைச் சபைக்கே வரவிடாமல் செய்து, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டையும் வாங்கி, அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் மந்திரிசபையே சட்டம் போடலாம் என்று ஒரு சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார். எல்லாம் 'முறைப்படி'. அந்தச் சூடு பட்டதால்தான் 1949-இல் மேற்கு ஜெர்மனி எழுதிய அரசியல் சட்டம், மனித கண்ணியத்தையும் மக்களாட்சியின் அடித்தளத்தையும் எந்தத் திருத்தமும் தொடக்கூடாது என்று வெளிப்படையாக எழுதி வைத்தது.

அந்த உரையின் பிரதி எம்.கே. நம்பியார் கைக்கு வந்தது. ஆம், கோபாலனுக்கு வாதாடிய அதே நம்பியார்தான். பஞ்சாப் ஜலந்தரைச் சேர்ந்த கோலக்நாத் குடும்பத்தின் நில வழக்கில் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1967 பிப்ரவரி 27-இல் தீர்ப்பு. பதினொரு நீதிபதிகள், ஆறுக்கு ஐந்து. அடிப்படை உரிமைகளைப் பாராளுமன்றம் இனித் திருத்தவே முடியாது என்றார் தலைமை நீதிபதி சுப்பா ராவ். அவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவரே.

அந்த மாதம் எங்கள் வகுப்பில் யாரும் இதைப் பேசியதாக நினைவில்லை. தமிழகத்தில் ஆட்சி மாறிக்கொண்டிருந்த நேரம். வேறு பேச்சுக்கு ஏது இடம்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். கோலக்நாத் தீர்ப்பு 1951-லேயே வந்திருந்தால் 15(4) வந்திருக்குமா? எந்த வேலியையும் தொடக்கூடாது என்றால், ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு லாபம். வெளியே நிற்பவன் வெளியேதான். இந்தத் தீர்ப்பு ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது என்பது என் கருத்து.

அறுபத்தெட்டு நாள்

1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்ற இந்திரா காந்தி அரசு பதிலடி கொடுத்தது. 24-ஆவது திருத்தம்: எந்தப் பகுதியையும் திருத்தலாம். 25-ஆவது: சொத்துரிமையைச் சுருக்கியது. 29-ஆவது: கேரள நிலச் சட்டங்களைப் பெட்டிக்குள் ஏற்றியது.

காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி சுவாமிகள் மடத்து நிலத்துக்காக 1970-லேயே மனுப் போட்டிருந்தார். அந்த வழக்கோடு எல்லாத் திருத்தங்களும் வந்து சேர்ந்துகொண்டன. 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1972 அக்டோபர் 31 முதல் 1973 மார்ச் 23 வரை 68 நாள் விசாரணை. ஒரு பக்கம் நானி பல்கிவாலா. இன்னொரு பக்கம் கேரள அரசுக்காக எச்.எம். சீர்வை. 1973 ஏப்ரல் 24-இல் பதினொரு தனித்தனித் தீர்ப்புகள் வந்தன. தலைமை நீதிபதி சிக்ரி மறுநாள் ஓய்வு பெற வேண்டியவர்.

கடைசியில் ஏழுக்கு ஆறு. தராசு முள்ளைத் திருப்பியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. முடிவு இது: அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பிரிவையும் பாராளுமன்றம் திருத்தலாம், கோலக்நாத் தீர்ப்பு போய்விட்டது. ஆனால் அரசியலமைப்பின் 'அடிப்படைக் கட்டுமானத்தை' அழிக்க முடியாது. அரசியல் சட்டத்தின் மேலாண்மை, குடியரசு முறையும் மக்களாட்சியும், மதச்சார்பின்மை, அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி என்று தலைமை நீதிபதி ஒரு பட்டியல் தந்தார்.

எங்கள் ஊர்க் கொத்தனார் மொழியில் சொன்னால் சுலபம். வீட்டுக்கு ஜன்னல் வைக்கலாம், சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கலாம், மாடி எடுக்கலாம். தூணை மட்டும் அறுக்கக்கூடாது. அறுத்தால் அது மராமத்து இல்லை, வேறு வீடு.

சுவாமிகளின் நிலம் திரும்பி வரவில்லை. சொத்துரிமை தூண்களில் ஒன்று அல்ல என்றார் நீதிபதி கன்னா. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. தனக்குக் காணி நிலமும் கிடைக்காத வழக்கில் நாட்டுக்கே ஒரு தூணை நட்டுக் கொடுத்துவிட்டு, 2020 செப்டம்பரில் சுவாமிகள் மறைந்தார்.

நான்கு நாள் அவசரம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தவர்களுக்கு இரண்டே வருடத்தில் விடை கிடைத்தது. 1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. ஜூன் 25-இல் அவசரநிலை. ஆகஸ்டில் 39-ஆவது திருத்தம். 7-ஆம் தேதி மக்களவை, 8-ஆம் தேதி மாநிலங்களவை, 9-ஆம் தேதி மாநிலச் சட்டமன்றங்கள், 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் விசாரணை 11-ஆம் தேதி! பிரதமரின் தேர்தலை எந்தக் கோர்ட்டும் கேட்கக்கூடாது, முன்பு வந்த தீர்ப்பும் செல்லாது என்று சொன்னது அந்தத் திருத்தம்.

நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவை அடிப்படைக் கட்டுமானத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றியிருந்ததால் இந்திரா காந்தியின் வெற்றி நிலைத்தது. ஆனால் கொள்கையும் நிலைத்தது. சில நாட்களிலேயே கேசவானந்த பாரதி தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய தலைமை நீதிபதி ரே 13 பேர் அமர்வைக் கூட்டினார். பல்கிவாலாவின் வாதத்துக்குப் பின், இரண்டே நாளில் அமர்வைக் கலைத்துவிட்டார்.

நான் அப்போது ஒரு சீனியரிடம் ஜூனியர். பத்திரிகைகளில் தணிக்கை, கோர்ட்டு வராந்தாவில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். 1976 நவம்பரில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருக்கும்போதே, 42-ஆவது திருத்தத்தை நிறைவேற்றினார்கள். எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது; திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று 368-இல் எழுதிவிட்டார்கள். கொன்ராட் கேட்ட கற்பனைக் கேள்வி பதினோரு வருடத்தில் நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

1980 ஜூலை 31-இல் மினர்வா மில்ஸ் வழக்கு அந்த இரண்டு வரிகளையும் நீக்கியது. காரணம் அழகானது. எல்லைக்குட்பட்ட அதிகாரம் பெற்றவன், அந்த அதிகாரத்தை வைத்தே தன்னை எல்லையற்றவனாக ஆக்கிக்கொள்ள முடியாது. பொது அதிகாரப் பத்திரம் வாங்கியவன், அந்தப் பத்திரத்தைக் காட்டியே சொத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? கிராமத்தில் எந்தப் பெரியவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கூடலூர்க் காடு

இரும்புப் பெட்டி என்ன ஆயிற்று? அதற்கும் விடை நம் தமிழ்நாட்டு மலையிலிருந்தே வந்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் நிலம்பூர் கோவிலகத்துக்கு ஜன்ம உரிமை நிலங்கள் ஏராளம். 1969-இல் தமிழக அரசு அவற்றை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. 1972-இல், காட்டு நிலத்தை எடுப்பது நிலச் சீர்திருத்தத்தில் அடங்காது என்று அந்த அளவுக்கு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1974-இல் 34-ஆவது திருத்தம் அந்தச் சட்டத்தை முழுசாகத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தது.

இதை எதிர்த்த ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கில் 2007 ஜனவரி 11-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு பெட்டிக்குள் வைத்த எந்தச் சட்டத்தையும், அடிப்படைக் கட்டுமானத்தைச் சிதைக்கிறதா என்று திறந்து பார்க்கலாம். பெட்டி இருக்கலாம், சாவி இல்லாத பெட்டி இருக்கக்கூடாது. ஜமீன் ஒழிப்புக்காக 13 சட்டங்களோடு தொடங்கிய பெட்டியில் அதற்குள் 284 சட்டங்கள் சேர்ந்துவிட்டன. நம் மாநிலத்தின் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டமும் 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வழியாக அதில் ஏறியதுதான். ஆகவே, கூடலூர்க் காட்டுத் தீர்ப்பு நம் வகுப்பறைவரை நீள்கிறது.

எதிர்க்கட்சி வாதம்

"சார், ஜட்ஜை யார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று இளைஞர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'அடிப்படைக் கட்டுமானம்' என்ற சொல் அரசியல் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2014-இல் இரு அவைகளும் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேற்றிய 99-ஆவது திருத்தத்தை, அதாவது நீதிபதிகள் நியமன ஆணையத்தை, 2015 அக்டோபர் 16-இல் நான்குக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தன்னுடைய நியமனத்தைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டது சரிதானா என்ற குறை எனக்கும் உண்டு. நீதிமன்றமும் எப்போதும் துணிந்து நின்றதில்லை. 1976 ஏப்ரலில், அவசரநிலையில் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள்; மறுத்துத் தனியாக நின்றவர் அதே கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வராமல் போனது. அவர் ராஜினாமா செய்தார்.

ஆனாலும் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2023 வரை 106 திருத்தங்கள். நீதிமன்றம் முழுசாகவோ பாதியாகவோ நீக்கியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 103-ஆவது திருத்தத்தைக்கூட 2022 நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்று ஏற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம், 2024 பிப்ரவரி 15-இல், கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை வாக்காளரிடமிருந்து மறைத்த தேர்தல் பத்திர ஏற்பாட்டை, அதற்காகப் பாராளுமன்றம் செய்த சட்டத் திருத்தங்களோடு சேர்த்து ரத்து செய்தது. தூண் எது, சுவர் எது என்பதில் சண்டை தொடரும், தொடரட்டும். தூணே கிடையாது என்று சொல்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இந்த வரலாற்றில் நான் இரண்டு பக்கமும் கடன்பட்டவன். பாராளுமன்றத்தால் அரசியல் சட்டத்தைத் திருத்த முடிந்ததால் எனக்குப் படிப்பு வந்தது. பாராளுமன்றத்தால் எல்லாவற்றையும் திருத்த முடியாததால், படித்ததைப் பயமில்லாமல் பேசுகிற உரிமை மிஞ்சியது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது மேட்டுக்குடியின் சொத்து. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது ஆளுவோர் நினைத்தால் கொடுக்கிற, நினைத்தால் பிடுங்குகிற தர்மம்.

தம்பி தங்கைகளே, ஒரு வேண்டுகோள். அரசியலமைப்புச் சட்டம் தமிழிலேயே கிடைக்கிறது. நூலகத்தில் எடுத்து 13, 15, 245, 368 என்ற நான்கு பிரிவுகளை மட்டும் ஒரு சாயங்காலம் படித்துப் பாருங்கள். பத்துப் பக்கம்கூட இருக்காது. புரியாததை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். அடுத்த முறை டில்லியில் ஒரு திருத்த மசோதா வந்தால், எந்தக் கட்சி கொண்டுவருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இது ஜன்னல் வைக்கிற வேலையா, தூணை அறுக்கிற வேலையா என்று கேட்டுப் பழகுங்கள்.

வளர்க நம் கல்லூரி! தொடர்க நம் நட்பு!